அடுக்குமாடி வீட்டுக்கு அமைதியான சிறு பறவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையில் ஒரு பறவைக் கடைக்குப் போய் "ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் நீண்ட வாலுடன் பச்சை, மஞ்சள், நீல நிறங்களில் இருக்கும் பட்ஜி என்ற சிறு கிளியைத்தான் எடுத்துக் காட்டுவார். உண்மையான லவ் பேர்ட் என்பது குட்டை வாலும் தடித்த அலகும் கொண்ட ஆப்பிரிக்கப் பறவை. அதை நம் ஊரில் "ஆப்பிரிக்கன்" என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய பெயர்க் குழப்பம்தான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய ஃபிளாட்டில் குடியிருப்பவருக்கு அது பெரிய வேறுபாடு. பட்ஜி நாள் முழுவதும் தனக்குள் பேசிக்கொள்வதுபோல முணுமுணுக்கும். ஆப்பிரிக்கனோ கூர்மையான ஒற்றைக் கீச்சொலியை விட்டுவிட்டு எழுப்பிக்கொண்டே இருக்கும். நான் முதன்முதலில் வாங்கியது ஆப்பிரிக்கன் ஜோடிதான். நிறத்தைப் பார்த்து வாங்கினேன். குரலைக் கேட்டு வாங்கவில்லை. அடுத்த வீட்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் இருந்தார்; பகலில்தான் அவருக்கு உறக்கம். பன்னிரண்டாவது நாள் அவர் கதவைத் தட்டி, "அக்கா, ரெண்டு வாரமா தூக்கமே இல்லை" என்று மெதுவாகச் சொன்னபோது, அவரை நினைத்தும் பறவைகளை நினைத்தும் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தோட்டத்துடன் தனி வீடு வைத்திருக்கும் உறவினரிடம் அந்த ஜோடியை ஒப்படைத்தேன். அதன் பிறகு எந்தப் பறவையையும் காதால் கேட்காமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆகவே, தேர்வின் முதல் படி பறவைக் கூண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசாமல் நிற்பதுதான். சத்தமே போடாத பறவை என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று கடையில் மூலையில் அடங்கி உட்கார்ந்திருந்தால், அது சாதுவான பறவை அன்று, நோயுற்ற பறவை. நாம் பார்க்க வேண்டியவை மூன்று: குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது, எவ்வளவு கூர்மையாக இருக்கிறது, நாளில் எந்த நேரத்தில் எழுகிறது. மென்மையான குரல் நாள் முழுவதும் கேட்டாலும் காது பழகிவிடும். ஆனால் சுவரைத் துளைத்துச் செல்லும் கூர்மையான குரல் ஐந்து நிமிடம் கேட்டாலே அடுத்த வீட்டுக்காரருக்குத் தலைவலி. பெரும்பாலான பறவைகள் விடிந்தவுடனும் பொழுது சாயும் முன்னும்தான் அதிகம் கத்தும் என்பதால், நண்பகலில் கடைக்குப் போய் "அமைதியாகத்தானே இருக்கிறது" என்று முடிவுகட்டுவது தவறு. காலையில் கடை திறக்கும் நேரத்திலோ மாலையிலோ போங்கள்; அந்தப் பறவையை ஏற்கெனவே வளர்ப்பவர் வீட்டுக்குப் போய்க் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: பறவை கையில் வந்து உட்கார வேண்டுமா, அல்லது அது தன் துணையோடு வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் இருவர், கையில் பழகிய ஒற்றைக் கிளியினப் பறவையை வாங்குவது அதற்குச் செய்யும் கொடுமை. அது நம்மையே தன் கூட்டமாக நினைக்கும். தனிமையில் கத்தும், சில வேளைகளில் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும். அத்தகைய வீட்டுக்கு ஃபிஞ்ச் என்ற சிறு குருவி ஜோடிதான் பொருத்தம். அவற்றுக்கு நம் கை தேவையில்லை. ஒன்றுக்கு மற்றொன்று துணை.

ஃபிஞ்ச் வகைகளில் என் முதல் பரிந்துரை பெங்காலீஸ் ஃபிஞ்ச். பெயரைக் கேட்டு வங்காளத்துப் பறவை என்று நினைக்க வேண்டாம். வெண்முதுகுச் சில்லை என்ற காட்டுக் குருவியிலிருந்து ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கப்பட்ட வீட்டு இனம் இது. காட்டில் எங்குமே இது கிடையாது. பழுப்பும் வெள்ளையும் ஒழுங்கற்ற திட்டுகளாகக் கலந்திருக்கும் இந்தப் பறவைக்குக் கண்ணைப் பறிக்கும் அழகு இல்லை; ஆனால் குணத்தில் இதை விஞ்சும் சிறு பறவையை நான் பார்த்ததில்லை. நான்கைந்து பறவைகள் ஒரே குச்சியில் தோளோடு தோள் ஒட்டி உட்காரும். இரவில் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்துத் தூங்கும். பிற ஃபிஞ்சுகளின் முட்டைகளைக்கூட இவை அடைகாத்து வளர்ப்பதால், வளர்ப்பவர்கள் இவற்றைச் செவிலித்தாயாகவே பயன்படுத்துகிறார்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆண் மட்டுமே பாடும். உடலை நிமிர்த்தி, இறகைச் சற்றுச் சிலிர்த்து, குச்சியில் மெல்லத் துள்ளிக்கொண்டு அது பாடும் பாட்டு, கூண்டுக்கு அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் முழுமையாகக் கேட்கும். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் கேட்கவே கேட்காது.

வரிக்குதிரை ஃபிஞ்ச் எனப்படும் ஸீப்ரா ஃபிஞ்ச் அடுத்தது. சுமார் 10 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 12 கிராம் எடையுமே உள்ள ஆஸ்திரேலியப் பறவை. வறண்ட நிலத்தில் பிறந்த இனம் என்பதால் நம் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். சாம்பல் நிற வகையில் ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் திட்டும் மார்பில் கருங்கோடுகளும் இருக்கும். பெண்ணுக்கு இவை இல்லை. குரல், குழந்தைகளின் ரப்பர் பொம்மையை அழுத்தினாற்போல "மீப், மீப்" என்றிருக்கும். பெங்காலீஸைவிடச் சற்று உரக்கத்தான், ஆனாலும் சுவரைத் தாண்டித் தொல்லை தராது. இவற்றிடம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூண்டில் சிறு பானையையோ நார்க்கூட்டையோ தொங்கவிட்டால் ஓயாமல் முட்டையிடும். இடைவிடாது முட்டையிடும் பெண் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு உயிர் போவதுண்டு. பிழைத்தாலும் சில மாதங்களில் இரண்டு பறவை பத்தாகிவிடும். ஃபிளாட்டில் அவ்வளவுக்கு இடம் ஏது? கடைக்காரர் கூண்டோடு பானையையும் சேர்த்துத் தருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பெண் பறவைகளை வாங்கினால் இன்னும் அமைதி, ஏனெனில் பெண் பாடாது. அவையும் கருவுறாத முட்டைகளை இடக்கூடும் என்பதால், பானை வேண்டாம் என்ற விதி அங்கும் பொருந்தும்.

கூல்டியன் ஃபிஞ்ச் நிறத்தில் ஓவியம் போன்றது, குரலிலும் மிக மென்மையானது. ஆனால் குளிருக்கும் இடமாற்றத்துக்கும் எளிதில் வாடிவிடும் என்பதால் முதன்முறை வளர்ப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஃபிஞ்சின் படபடப்பு பிடிக்காதவர்கள் டைமண்ட் டவ் எனப்படும் சிறு புறாவைப் பாருங்கள். சாம்பல் உடலில் வெண்புள்ளிகளும் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமும் கொண்ட இந்தப் பறவை மிகவும் சாது. குரல் தாழ்வானது, தொலைவில் யாரோ ஊதும் குழல் போன்றது. ஆனால் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லும். எனக்கு அது மனத்துக்கு இதமாக இருக்கிறது. என் தங்கையால் ஒரு பிற்பகல்கூடப் பொறுக்க முடியவில்லை. இது தரையில் நடந்து இரை பொறுக்கும் பறவை என்பதால், கூண்டின் அடியில் கம்பி வலை இல்லாமல் தட்டையான தரை வேண்டும்.

கையில் பழகும் பறவைதான் வேண்டும் என்பவர்களுக்குப் பட்ஜியே சரி. 1840-இல் ஜான் கூல்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது முதல் உலகெங்கும் வீட்டுப் பறவையாகிவிட்ட சிறு கிளி இது. பெருங்கூட்டமாக வாழ்ந்த இனம் என்பதால் பேச்சு நிற்காது. அந்த முணுமுணுப்பை "அமைதி" என்று நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பழக்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சுதான் நல்லது. அதன் வயதைக் கடைக்காரரிடம் கேட்கத் தேவையில்லை, பறவையின் முகமே சொல்லும்: குஞ்சுக்கு நெற்றிக் கோடுகள் மூக்குத் துளை வரை இறங்கி வந்திருக்கும், கண் முழுவதும் கருமணியாக இருக்கும். வளர்ந்த பறவைக்கு நெற்றி வெறுமையாகி, கண்ணில் வெள்ளை வளையம் தோன்றிவிடும். அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளுக்கு இந்த அடையாளம் பொருந்தாது. பழக எளிது ஆண். பெண் சற்றுக் கடிக்கும்.

காக்டெய்ல் என்ற கொண்டைக் கிளி அன்பில் பட்ஜியை மிஞ்சும். தலையை நீட்டிக் கொண்டையை வருடச் சொல்லிக் கேட்கும் பறவை அது. ஆனால் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் 15 முதல் 20 ஆண்டு வரை ஆயுளும் கொண்டது என்பதால், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் நன்றாக யோசித்து வாங்க வேண்டும். ஆண் உரக்கச் சீழ்க்கையடிக்கும். பெண் பெரும்பாலும் அடக்கம். சாம்பல் நிற வகையில் வால் இறகின் அடியில் மஞ்சள் கோடுகள் இருந்தால் அது பெண்ணாகவோ இன்னும் முதல் இறகுதிராத குஞ்சாகவோ இருக்கும். இறகிலிருந்து வெண்பொடி உதிர்ந்துகொண்டே இருப்பதால், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் காக்டெய்லைத் தவிர்த்துவிடுங்கள். கேனரி பாட்டுக்காகவே வளர்க்கப்படும் பறவை. பாட்டு அருமை, ஆனால் ஆண் பாடத் தொடங்கினால் வீடு முழுக்கக் கேட்கும். காதைத் துளைக்கக் கத்தும் சன் கனூர் கிளியை எந்த அடுக்குமாடிக்கும் கொண்டுவரவே கூடாது.

சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பச்சைக்கிளி, மைனா, சில்லை, புள்ளிப்புறா போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக்காரரிடம் கிளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழக்கத்துக்கு மாறாகத் தோன்றலாம். ஆனால் கூட்டிலிருந்து திருடப்பட்ட ஒரு குஞ்சு கடைக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எத்தனை செத்துப்போகின்றன என்பதை நினைத்தால் மனம் ஒப்பாது. சில்லைகளுக்குச் சாயம் பூசி அயல்நாட்டு ஃபிஞ்ச் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கிளிப்பச்சையிலோ ரோஜா நிறத்திலோ ஒரே சீராக மின்னும் சிறு குருவியைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். அயல்நாட்டுப் பறவைகளிலும் வேறுபாடு உண்டு. பட்ஜி, காக்டெய்ல், பீச் நிற முக லவ் பேர்ட் ஆகிய மூன்றும் கிளியினங்களாக இருந்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இல்லை. ஃபிஷர் லவ் பேர்ட், கனூர்கள், ஜாவா குருவி ஆகியவை பட்டியலில் உள்ளன. அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வளர்ப்புப் பிராணிக் கடைகளும் 2018-ஆம் ஆண்டு விதிப்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்தப் பறவையை வாங்கினாலும் இனத்தின் பெயர் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இனம் முடிவான பிறகு, எந்தப் பறவை என்ற கேள்வி வருகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் ஒரே கூண்டில் ஐம்பது பறவைகளை அடைத்து வெயிலில் வைத்திருப்பார்கள். பார்க்கும்போது இரக்கப்பட்டு வாங்கத் தோன்றும். நானும் அப்படி ஒரு சந்தையில், மற்றவற்றிலிருந்து விலகி உருண்டையாக இறகைப் பருத்துக்கொண்டு தூங்கிய ஸீப்ரா ஃபிஞ்ச் ஒன்றை "எவ்வளவு சாதுவாக இருக்கிறது" என்று நினைத்து வாங்கினேன். இரண்டாம் நாள் காலை அது கூண்டின் தரையில் கிடந்தது. இரையாகும் உயிர் என்பதால் பறவை தன் நோயை முடிந்த மட்டும் மறைக்கும். பகலில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறது என்றால் மறைக்கும் வலுவும் போய்விட்டது என்று பொருள். மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, மூக்குத் துளையும் கண்ணும் ஈரமாக உள்ளனவா, வாலடி இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, காலில் செதில் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பறவை வழவழப்பான இறகோடு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் திறந்த பளிச்சென்ற கண்ணோடு, நீங்கள் கிட்டே போனால் விலகிப் பறக்கும். முடிந்தால் சந்தையை விட்டுவிட்டு, வீட்டில் சிறிய அளவில் வளர்ப்பவரிடம் வாங்குங்கள். அதன் தாய் தந்தைப் பறவைகளையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பறவைக்கு முன்னால் கூண்டு வீட்டுக்கு வர வேண்டும். உயரமான கோபுரக் கூண்டும் உருண்டைக் கூண்டும் பார்வைக்கு மட்டுமே. பறவை குறுக்கேதான் பறக்கும், ஹெலிகாப்டர்போல் மேலே எழாது. ஃபிஞ்ச் ஜோடிக்கோ பட்ஜி ஜோடிக்கோ குறைந்தது இரண்டரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் வேண்டும். கம்பி இடைவெளி பட்ஜிக்கு அரை அங்குலத்துக்கும், ஃபிஞ்சுக்கு 10 மில்லிமீட்டருக்கும் மிகக் கூடாது. ஒரே தடிமனுள்ள வழவழப்பான குச்சிகளால் கால் புண்ணாகும். பூச்சிமருந்து அடிக்காத கொய்யாக் கிளைகளைக் கழுவிக் காயவைத்து, தடித்ததும் மெலிந்ததுமாகக் கட்டுங்கள். கூண்டை நம் கண் உயரத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். பால்கனி வேண்டாம். அங்கே காக்கை கம்பிக்குள் அலகைவிட்டுக் கொத்தும், பூனை வரும், எலி வரும், சித்திரை வைகாசியில் மேற்கு வெயில் நேராக அடிக்கும், பறவை அம்மை நோயைப் பரப்பும் கொசுவும் கடிக்கும்.

சமையலறைப் பக்கமும் கூடாது, இதைத்தான் நான் எல்லாரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்திருப்பதால், காற்றில் உள்ள நஞ்சு நம்மைவிட விரைவாக அதன் உடலில் ஏறும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை நச்சுவாயுவை அறியக் கேனரியை வைத்திருந்தது இதனால்தான். நான்-ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து அளவுக்கு மீறிச் சூடேறவிட்டால் எழும் புகை நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் இருக்கும் பறவைகூடச் சில நிமிடங்களில் இறந்துவிடும். என் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறிவிட்டோம். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, வாசனைத் தெளிப்பான் எல்லாம் பறவை இருக்கும் அறையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் கூண்டை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். பறவையை வெளியே விடும்போது மின்விசிறி ஓடவே கூடாது. தீபாவளி இரவுகளில் சன்னல்களைச் சாத்தி, உள்ளறையில் சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். காக்டெய்ல் இருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் மிரண்டு கம்பியில் மோதி இறகை உடைத்துக்கொள்ளும்.

உணவுக்குத் தினை, பனிவரகு, சாமை ஆகியவற்றின் உமி நீக்காத மணிகள், கொஞ்சம் முருங்கைக்கீரை அல்லது கொத்தமல்லி, வாரத்தில் ஓரிரு நாள் வேகவைத்த முட்டை. பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் காரட் போன்ற காய்களையும் பழக்குங்கள்; தானியம் மட்டுமே தின்றால் அவற்றுக்குக் கொழுப்பு சேரும். நாட்டு மருந்துக் கடையில் "கடல்நுரை" என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு அதைக் கூண்டில் கட்டிவிடலாம். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், காபி, வெங்காயம் ஆகாது. தானியக் கிண்ணத்தைப் பார்வையால் மட்டும் நம்ப வேண்டாம். இந்தப் பறவைகள் மணியை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். கிண்ணம் நிரம்பியிருப்பதாக நினைத்து ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களின் பறவைகள் உமிக்கு நடுவே பட்டினி கிடந்து இறந்திருக்கின்றன. ஒவ்வொரு காலையும் கிண்ணத்தை வெளியே எடுத்து மெல்ல ஊதிப் பாருங்கள். உமி பறந்தபின் எஞ்சுவதுதான் உணவு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாள்தோறும் வந்து இதைச் செய்ய ஒருவர் கிடைப்பாரா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதை ஒரு மாதம் தனி அறையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

பறவை வீட்டுக்கு வந்த முதல் வாரம் கூண்டுக்குள் கையை விடாதீர்கள். தானியமும் தண்ணீரும் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, பின்மாலையில் மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடி, பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கச் செய்யுங்கள். முதல் நாள் அது ஒரே குச்சியில் ஒட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். பிறகு நாம் அறையில் இருக்கும்போதே தின்னத் தொடங்கும். அதற்கும் பிறகு ஒரு நாள், ஒரு சிறகையும் அதே பக்கத்துக் காலையும் ஒன்றாகப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு, நம் முன்னிலையிலேயே இறகைக் கோதிக்கொள்ளும். பட்ஜி வாங்கியவர்கள் அன்றைக்குத்தான் ஒரு தினைக் கதிரைக் கம்பிக்கு வெளியே பிடித்துக்கொண்டு உட்காரலாம்.